நாள் குறிக்கும் வேலை

ஆபரேஷன் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது கத்தி பிடிக்கும் கை. அந்தக் கை எந்த நாளில் கத்தியைத் தொடலாம் என்று சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் என்னைப் போன்ற மயக்க மருந்து மருத்துவர்களிடம் வந்து நிற்கிறது. “ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க” என்று அறுவை மருத்துவர் சீட்டு எழுதி அனுப்புவார். ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்று நினைத்து நோயாளி வருவார். என் தொழிலின் பாதி அந்தச் சீட்டில் இருக்கிறது. மயக்குவதையும் தெளிய வைப்பதையும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த உடம்புக்கு இன்றைய நாள் சரியான நாள்தானா என்று பார்க்கும் வித்தையை எனக்கு முழுசாகச் சொல்லிக்கொடுத்தது கொரோனாக் காலம்தான்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலையிலும் ஈ.சி.ஆரிலும் உள்ள சிறிய நர்சிங் ஹோம்கள் கூப்பிடும்போது போய் மயக்கம் கொடுத்துவிட்டு வருகிறவள் நான். லாரிங்கோஸ்கோப், டியூப்கள், மருந்துகள் எல்லாம் அடங்கிய பெட்டி காரிலேயே இருக்கும். இந்த வட்டாரத்து உடம்புகள் தொழிலுக்குத் தொழில் வேறுபடும். கொக்கிலமேடு, தேவனேரி, பட்டிப்புலம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து வருகிற மீனவர்களுக்கு நெஞ்சு அகலம், மூச்சு ஆழம். ஆனால் சர்க்கரை இருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள். மாமல்லபுரத்தில் சிலை செதுக்குகிறவர்கள் ஒல்லியாக, சுறுசுறுப்பாக வருவார்கள். இருபது முப்பது வருஷக் கருங்கல் தூசு உள்ளே போயிருக்கும். உளியும் சுத்தியும் மட்டும் இருந்த காலத்தைவிட கிரைண்டர் வந்தபின் தூசு இன்னும் பொடியாகிவிட்டது. பொடியான தூசுதான் நுரையீரலின் கடைசி அறைவரை போய் உட்காரும். “வருஷம் பூரா லேசா இருமல் இருக்கும்மா, அது கல்லு இருமல்” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். 2020-இல் அந்தக் கல் இருமலுக்கும் கொரோனா இருமலுக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடற்கரைக்கு ஆபரேஷனுக்கென்றே ஒரு காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளில் வேலைக்குப் போகிறவர்கள் வருஷம் முழுக்கத் தள்ளிவைத்த குடலிறக்கம், விரைவீக்கம், மூலம் எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்தில்தான் வைத்துக்கொள்வார்கள். கணக்கு தெளிவானது. குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரமாவது பாரம் தூக்கக் கூடாது, வலை இழுக்கக் கூடாது. சித்திரை பிறந்ததும் செய்துகொண்டால் கடல் திறக்கும்போது படகு ஏறிவிடலாம். 2020-இல் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்கள் எல்லாம் நின்றன. கடலுக்குப் போகாமல் இழந்த நாட்களை ஈடுகட்ட அந்த ஆண்டு தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்து, மே 31-ஓடு முடித்தார்கள். பசித்திருந்த குடும்பங்களுக்கு அது செய்யத்தான் வேண்டிய உதவி. ஆனால் குடலிறக்கத்தோடு இருந்தவர்களுக்கு அந்த வருஷம் ஆபரேஷனுக்கு இருந்த ஒரே இடைவெளியும் போயிற்று. அடுத்த வருஷம் தடைக்காலம் தொடங்கும்போதே இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. இப்படி இரண்டு தடைக்காலம் அடுத்தடுத்துக் கைவிட்டுப்போயின. இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மறுபடி கடலுக்குப் போனவர்களில் சிலர், குடல் சிக்கி, வயிறு உப்பி, வாந்தியோடு நடுராத்திரியில் வந்தார்கள். பகலில் முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய ஆபரேஷன், அப்போது குடலை வெட்டி இணைக்கும் வேலையாக மாறியிருந்தது.

ஏன் நிறுத்தினோம் என்று அவர்கள் கேட்டார்கள். கேட்க உரிமை உண்டு. அதற்கு நுரையீரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒருவரை மல்லாக்கப் படுக்கவைத்து முழு மயக்கம் கொடுத்த சில நிமிடங்களிலேயே நுரையீரலின் அடிப்பக்கத்துக் காற்றறைகள் ஈரப் பாலிதீன் பைபோலச் சுருங்கி ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓரளவில் இது நடக்கிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் வேலையை நிறுத்திவிடும். தெளிந்தபின், தையல் வலிக்கும் என்ற பயத்தில் நோயாளி இருமமாட்டார், இழுத்து மூச்சுவிட மாட்டார். நல்ல நுரையீரல் இதையெல்லாம் ஓரிரு நாளில் சரிசெய்துகொள்ளும். வைரஸ் ஏற்கெனவே புண்ணாக்கிய நுரையீரலுக்கு அந்த ஓரிரு நாளைத் தாங்கும் கையிருப்பு இல்லை.

2020 மே கடைசியில் ‘லான்செட்’ இதழில் வந்த கோவிட்சர்ஜ் ஆய்வு இதை எண்களாக்கியது. 24 நாடுகள், 235 மருத்துவமனைகள். ஆபரேஷனை ஒட்டித் தொற்று உறுதியான 1,128 பேர். அவர்களில் 23.8 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் இறந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல். சிக்கல் வந்தவர்களில் 38 சதவீதம் பேர் பிழைக்கவில்லை. அவசரமில்லாமல் நாள் குறித்துச் செய்தவர்களிலேயே 18.9 சதவீதம் மரணம் என்ற வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த ஆரம்ப மாதங்களில் நோய் முற்றியவர்களுக்கே பெரும்பாலும் பரிசோதனை நடந்தது. அதனால் எண் கூடித் தெரிந்திருக்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், ஒரு குடலிறக்கத்துக்காக எந்த மனுஷனையும் அந்தக் கணக்குக்குள் தள்ள எனக்குத் துணிவு வராது.

ஆக, மேஜையில் ஏற்றும் முன்னால் நுரையீரலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். எங்கள் கையில் பழைய எளிய வழிகள் உண்டு. எரியும் தீக்குச்சியை வாயிலிருந்து அரை அடி தூரத்தில் பிடித்து, உதட்டைக் குவிக்காமல் வாயைத் திறந்து ஊதச் சொல்வது ஒன்று. அணைக்க முடியாவிட்டால் நுரையீரல் பலவீனம். ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று பார்ப்பது இன்னொன்று. மூச்சை அடக்கச் சொல்லி நேரம் பார்ப்பது மூன்றாவது; 25 விநாடிக்கு மேல் பிடித்தால் நிம்மதி, 15-க்குக் கீழே போனால் கவலை. கொரோனா வந்ததும் முதல் இரண்டும் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. முகக்கவசத்தைக் கழற்றி, என் முகத்துக்கு எதிரே ஊதச் சொல்லவோ எண்ணச் சொல்லவோ முடியாது.

அதற்குப் பதிலாக நடக்க வைத்தேன். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, நர்சிங் ஹோம் வராந்தாவில் ஆறு நிமிடம். உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டுகிறவர் நடந்து முடித்ததும் 91-க்கு இறங்கினால், அவர் வாயால் “எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்று எத்தனை முறை சொன்னாலும் நுரையீரல் வேறு கதை சொல்கிறது என்று அர்த்தம். இறங்கிய எண் மறுபடி ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் நின்று பார்ப்பேன். கல் செதுக்குகிறவர்களின் விரல் உளிபிடித்துக் காய்த்துப்போயிருக்கும். சிலருக்குத் திரையில் அலை சரியாக எழாது. அப்போது காது மடலில் மாட்டுவேன். தோல் கறுத்தவர்களுக்கு இந்தக் கருவி இருப்பதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. வெயிலில் உழைத்து உழைத்துக் கறுத்த ஜனங்கள் இவர்கள். அன்றுமுதல் 94 என்றால் அதை 94 என்று அப்படியே நம்பி விடுவதில்லை. மூச்சு எண்ணிக்கையையும் கழுத்துத் தசை இழுப்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு. இந்தக் கருவிக்கு வழிகாட்டிய ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 2020 ஏப்ரல் 18 அன்று, உலகமே அவர் கண்டுபிடிப்பை விரலில் மாட்டிக்கொண்டிருந்த நாட்களில், காலமானார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அவரை நினைக்காமல் ஒருநாளைக் கடக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

தியேட்டருக்குள் போனால் கைப்பழக்கம் எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. முடிந்தவரை முதுகு ஊசிதான்: நோயாளியின் மூச்சுக்குழாயைத் தொட வேண்டாம், அவர் முகக்கவசத்தோடேயே படுத்திருக்கலாம். ஆனால் முதுகு ஊசி விரல்நுனியின் வேலை. முதுகெலும்பின் முட்களுக்கு இடையே உள்ள பள்ளத்தைக் கட்டைவிரல் கண்டுபிடிக்க வேண்டும். மயிரிழை ஊசி உள்ளே போகும்போது கடைசி உறையைத் துளைக்கும் அந்தச் சின்ன ‘டப்’ கையில் உணரப்பட வேண்டும். இரட்டைக் கையுறையில் பள்ளம் மங்கிவிடும், ‘டப்’ பாதியாகிவிடும். ஊசியின் பின்வாயில் தண்ணீர்போல ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். முன்னால் இருக்கும் கண்ணாடியோ ஆவி படிந்து வெள்ளையாகியிருக்கும். கழுத்தைச் சாய்த்து, ஆவி படியாத கீழ் ஓரத்தின் வழியாக விளக்கொளியில் அந்தச் சொட்டைத் தேடுவேன். அவசரப்பட்டு மருந்தைத் தள்ளாமல், சொட்டு வந்ததைக் கண்ணால் பார்த்தபிறகு மட்டும் தள்ளுவது என்று எனக்கு நானே ஒரு கட்டளை வைத்துக்கொண்டேன். கத்திரி வெயில் நாட்களில், காற்றை உள்ளேயே சுற்றவிடும் ஏ.சி.யை நிறுத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, பி.பி.இ. கிட்டுக்குள் இதைச் செய்தோம். உள்ளே வியர்வை கையுறை விரல்களில் தேங்கும்.

முழு மயக்கம் தவிர்க்க முடியாதபோது வரிசை கறாராக இருந்தது. மாஸ்கை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்து மூன்று நிமிடம் ஆக்சிஜன். பிறகு மருந்து. வழக்கமாக நாங்கள் பேக்கை அழுத்திக் காற்று கொடுப்போம். இப்போது அழுத்தாமல், தசைகள் முழுசாகத் தளரும்வரை கை கட்டிக் காத்திருப்பது. ஒரு இருமல் வந்தாலும் அறையில் உள்ள அத்தனை பேருக்கும் அது போகும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அந்த மூன்று நிமிட ஆக்சிஜன், மூச்சு நின்றபின்னும் ஏழெட்டு நிமிடம் தாங்கும். கொரோனா பிடித்த நுரையீரலில் ஒரு நிமிடத்துக்குள் எண் சரியும். டியூப் உள்ளே போய், கஃப் ஊதி, ஃபில்டர் மாட்டிய பிறகே முதல் மூச்சு. நடுவில் டியூபைக் கழற்ற நேர்ந்தால் முதலில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் டியூபைக் கிள்ளிவிட்டுக் கழற்றுவோம்.

தலையை மூடிய உறைக்கு மேல் ஸ்டெத் மாட்ட வழியில்லை. டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று இரு நெஞ்சிலும் வைத்துக் கேட்பது எங்களுக்கு முதல் வாரப் பாடம். அந்தக் காது போய்விட்டது. நெஞ்சு இரு பக்கமும் ஒன்றாக ஏறுகிறதா, திரையில் கார்பன் டை ஆக்சைடு அலை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒழுங்காக எழுகிறதா என்று கண்ணால் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அந்த அலை காட்டும் கருவி இல்லாத இடத்தில் கொரோனா நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். ஒரு நர்சிங் ஹோமில் அதற்காக என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு மாற்றம் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் 2008-இல் வந்தது. அட்டுல் கவாண்டே குழுவினர் புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்து, மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததை அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். கத்தி படும் முன், அறையில் உள்ள ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு வரி. வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள், இது எதற்கு என்று தாண்டிப் போவார்கள். கிட் போட்டபின் எல்லோரும் ஒரே வெள்ளை உருவம். யார் சிஸ்டர், யார் உதவி மருத்துவர், யார் ஓ.டி. அசிஸ்டென்ட் என்று தெரியாது; குரலும் கேட்காது. முதுகிலும் மார்பிலும் மார்க்கரால் பெயர் எழுதினோம். சத்தமாகப் பெயர் சொன்னோம். கேட்ட மருந்தின் பெயரை எடுத்துக் கொடுக்கிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். நோயாளியின் பெயரும் எந்தப் பக்கத்து ஆபரேஷன் என்பதும் சுவரில் வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதப்பட்டன. கிட் போனபின்னும் திருப்பிச் சொல்லும் வழக்கம் எங்கள் குழுவில் நிலைத்துவிட்டது; எந்தக் கருவியைவிடவும் அதை நான் மதிக்கிறேன்.

நாள் குறிக்கும் வேலைக்கு உண்மையான அளவுகோல் 2021 மார்ச்சில் கிடைத்தது. அதே கோவிட்சர்ஜ் கூட்டமைப்பு, இம்முறை 116 நாடுகளில் 1,40,231 நோயாளிகள். கொரோனா வராதவர்களுக்கு ஆபரேஷனுக்குப்பின் முப்பது நாள் மரணம் 1.5 சதவீதம். கொரோனா வந்து இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் என்றால் 4.1. மூன்று, நான்காம் வாரத்தில் 3.9. ஐந்து, ஆறாம் வாரத்தில்கூட 3.6. ஏழு வாரம் கழிந்தால் மறுபடி 1.5. படிப்படியாக இறங்கவில்லை, ஏழாவது வாரத்தில்தான் சட்டென்று விழுகிறது. அதோடு இன்னொன்று: ஏழு வாரத்துக்குப் பிறகும் மூச்சிரைப்போ இருமலோ மிச்சம் இருந்தவர்களுக்கு 6 சதவீதம். ஆகவே காலண்டரை மட்டும் பார்த்தால் போதாது, ஆளையும் பார்க்க வேண்டும். இரண்டாம் அலை நம்மீது இறங்க ஒரு மாதம் இருக்கும்போது இது வந்தது; அந்த அலையில் இதைவிடப் பயன்பட்ட காகிதம் என் கைக்கு வரவில்லை.

காகிதத்தில் இருப்பதை மனுஷனிடம் சொல்வது வேறு வேலை. பித்தப்பைக் கல்லோடு வந்த சிற்பி ஒருவர், கொரோனா தேறி மூன்று வாரம் ஆனவர், என்னிடம் கேட்டார்: “நெகட்டிவ்னு சீட்டே குடுத்துட்டாங்களேம்மா, அப்புறம் எதுக்கு நாப்பத்தொம்போது நாளு?”

“சீட்டு மூக்குக்குக் குடுத்ததுய்யா. நுரையீரலுக்கு இன்னும் யாரும் குடுக்கல.”

“நடுவுல வலி வந்தா?”

“வலியோட காய்ச்சலும் வந்தா, கண்ணு மஞ்சளானா, எந்த நேரமும் போன் பண்ணுங்க. அப்ப நாள் கணக்கு பார்க்க மாட்டேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் யாருக்கும் நாள் தள்ளக் கூடாது. தள்ளிப்போடுகிறவர், எந்த அறிகுறி வந்தால் தள்ளியது ரத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நம்பரையும் எழுதித் தர வேண்டும். வெறுமனே “அப்புறம் பார்க்கலாம்” என்று அனுப்பப்பட்டவர்கள்தான் சீழ்பிடித்த பித்தப்பையோடு திரும்பினார்கள்.

தள்ளவே முடியாதவையும் உண்டு. பிரசவத்துக்கு நாள் கிடையாது, ஜி.எஸ்.டி. சாலை விபத்துக்கும் கிடையாது. திருக்கை முள் கணுக்காலில் ஒடிந்து நின்றால் அன்றே எடுக்க வேண்டும். இவற்றில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. ஏழு வாரக் கணக்கை அடியோடு கவிழ்த்தது கருப்புப் பூஞ்சைதான்.

2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. கட்டுப்படாத சர்க்கரை, கொரோனாவுக்காகக் கொடுத்த ஸ்டீராய்டு, மூக்கு வழியே ஏறும் பூஞ்சை. அது ரத்தக்குழாயை அடைத்துத் தசையைச் சாகடித்துக்கொண்டே கண்ணுக்கும் மூளைக்கும் போகும். செத்த தசையை வெட்டி எடுக்காமல் மருந்து அங்கே போய்ச் சேராது. எனவே கொரோனா இன்னும் உடம்பில் இருக்கும்போதே, மூச்சுக்கு ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆபரேஷன். லாரிங்கோஸ்கோப்பை வாயில் நுழைத்ததும் மேலண்ணம் தெரியும். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய இடம், ஓரத்தில் கூர்மையான கோடு போட்டதுபோலக் கறுத்து, தொட்டால் ரத்தம் வராமல் இருக்கும். முகம் வீங்கியிருப்பதால் மாஸ்க் ஒழுங்காக உட்காராது. பூஞ்சைக்கான ஆம்போடெரிசின் மருந்து ஓடுவதால் பொட்டாசியம் இறங்கியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் மயக்கம் கொடுத்தால் இதயத் துடிப்பு தடுமாறும். சிறுநீரகமும் பாதி சோர்ந்திருக்கும். சர்க்கரை முந்நூறுக்கு மேல். இத்தனையையும் சில மணி நேரத்துக்குள் ஓரளவு நேராக்கி மேஜையில் ஏற்ற வேண்டும். முழுசாக நேராகும்வரை காத்திருந்தால் கண் போய்விடும். அதே நோயாளி நாலைந்து நாளில் இரண்டாவது முறை வருவார், சிலர் மூன்றாவது முறையும். அந்த வாரங்களில் நாள் என்ற அலகே போய், எத்தனை மணிக்குள் என்று மட்டும் கணக்கிட்டோம். கண்ணை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று கையெழுத்து வாங்கும்போது, கொரோனா ஐ.சி.யூ.விலிருந்து பிழைத்துவந்த அந்த மனிதர்களின் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னேன். பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்துக் கையெழுத்து வாங்குவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு கணக்கு ஆக்சிஜன். ஒரு ஜம்போ சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். மயக்க மருந்து மெஷினில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஓடவிட்டால் ஐம்பத்தெட்டு மணி நேரம் வரும். கொரோனா வார்டில் நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கும் கருவியில் அதே சிலிண்டர் இரண்டு மணி நேரம் தாங்காது. 2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததாக உறவினர்கள் சொன்னார்கள். பற்றாக்குறை இல்லை என்றது நிர்வாகம். 1965 முதல் இந்தப் பகுதி முழுக்க நம்பி வருகிற பெரியாஸ்பத்திரி அது. அடுத்த நாளிலிருந்து இந்த வட்டாரத்தில் எந்த தியேட்டரிலும் அழுத்தமானியைப் பார்க்காமல் யாரும் வேலை தொடங்கவில்லை. காத்திருக்க முடிந்த எல்லா ஆபரேஷன்களையும் அந்த மாதம் நான் தள்ளியதற்கு நோயாளியின் நுரையீரல் பாதிக் காரணம், பக்கத்து வார்டின் நுரையீரல்கள் மீதிக் காரணம்.

இவ்வளவும் சொன்னபிறகு, தள்ளியதன் விலையையும் சொல்ல வேண்டும். முதல் அலையின் உச்சத்தில் பன்னிரண்டு வாரத்தில் உலகெங்கும் 2.84 கோடி ஆபரேஷன்கள் தள்ளிப்போகும் என்று கோவிட்சர்ஜ் மதிப்பிட்டது. முழு ஊரடங்கு இருந்த இடங்களில், ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த புற்றுநோயாளிகளில் ஏழில் ஒருவருக்கு அது நடக்கவே இல்லை என்று அவர்களே பின்னர் கண்டார்கள். நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள எனக்குத் திருமணி போதும். செங்கல்பட்டை ஒட்டிய அந்த ஊரில் மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இருக்கிறது; அதற்கு முன் அங்கே இருந்தது லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம். 1947-இல் டாக்டர் ராபர்ட் காக்ரேன் வேலூரிலிருந்து இளம் எலும்பு மருத்துவர் பால் பிராண்டை அழைத்துவந்து இங்குள்ள நோயாளிகளைக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்தபோது, அந்தப் பிடியில் இருந்த பலம் பிராண்டைத் திகைக்கவைத்தது. எல்லாத் தசையும் சாகவில்லை, உயிரோடு இருக்கிற தசையின் நாணை இடம் மாற்றினால் விரல் நிமிரும் என்ற எண்ணம் அங்கே விழுந்தது. அடுத்த ஆண்டு வேலூரில் அந்த ஆபரேஷன்கள் தொடங்கின. அவசரம் என்று எந்தப் பட்டியலிலும் வராத ஆபரேஷன் அது. ஆனால் விரல் மூட்டுகள் விறைத்துப்போகும் முன் செய்தால்தான் பலன். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மூட்டு இறுகிக்கொண்டிருக்கும். உயிருக்கு ஆபத்தில்லை என்று நாம் ஒதுக்கிய பட்டியலில், சோற்றை எடுத்து வாயில் வைக்கக் காத்திருந்த கைகளும் இருந்தன. ‘காத்திருக்கலாம்’ என்று எழுதும்போது எத்தனை வாரம் என்ற எண்ணையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

தடுப்பூசியும் ஓமிக்ரானும் வந்தபின் அந்த ஏழு வாரம் தளர்ந்துவிட்டது. இன்று லேசாக வந்துபோன கொரோனாவுக்கு யாரையும் அவ்வளவு நாள் நிறுத்துவதில்லை. ஆனால் காத்திருக்கும் வாரங்களை என்ன செய்வது என்று அப்போது கற்றது வீணாகவில்லை. முன்பெல்லாம் தேதி கொடுத்துவிட்டால் அந்தத் தேதிவரை நோயாளிக்கு வேலை எதுவும் இருக்காது. இப்போது பீடியை நிறுத்துவது, சர்க்கரையை இறக்குவது, தினமும் நடப்பது, மூன்று பந்து கருவியில் மூச்சுப் பயிற்சி என்று வாரத்துக்கு வாரம் எழுதிக் கொடுக்கிறேன். அந்தப் பந்துக் கருவி கொரோனாவால் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதினால் பயனில்லை, குழாயை உதட்டால் கவ்வி, உள்ளே இழுத்து, பந்தை மேலேயே இரண்டு மூன்று விநாடி நிறுத்த வேண்டும். என் எதிரில் ஒருமுறை செய்துகாட்டாமல் யாரையும் அனுப்புவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் நாள் சாயங்காலமே வலிக்கு மருந்து கொடுத்து, வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொல்லி, கட்டிலைவிட்டு இறக்கிவிடுகிறோம். மூச்சு எண்ணிக்கையை நாலாம் நாள் வரை சிஸ்டர்கள் குறிக்கிறார்கள். நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினால் ராத்திரியானாலும் எனக்குப் போன் வரும்.

விசைப்படகுக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு வைத்திருக்கிறேன். தடைக்காலம் தொடங்கியபின் ஃபிட்னஸுக்கு வந்தால், சர்க்கரை ஏறியிருந்தாலோ நெஞ்சில் சளி இருந்தாலோ சரிசெய்வதற்குள் பாதி நாள் போய்விடும். பிறகு அடுத்த வருஷம்தான். அதனால் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் கூடும் சமயத்தை அடையாளமாகச் சொல்லிவிடுகிறேன்: மகம் முடிந்த வாரமே வந்து ரத்தம் கொடுங்கள், நடந்து காட்டுங்கள். அங்கிருந்து ஏப்ரல் 15-க்குப் பெரும்பாலும் ஐந்தாறு வாரம் கிடைக்கும். நுரையீரலைத் தயார்செய்ய அது போதும். தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே குடலிறக்கத்தைச் செய்து முடித்தால், ஆறு வாரம் ஓய்வெடுத்து, ஜூன் நடுவில் கடல் திறக்கும் நாளுக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் கையில் மிச்சம் இருக்கும்.